பழமைவாத செனட்டர் ஒருவரின் அரசியலைப் படிப்பது எப்படி? பேரி கோல்ட்வாட்டரை முன்வைத்து ஒரு தொடக்க வழிகாட்டி

அமெரிக்க அரசியலைப் புதிதாகப் பின்தொடரத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் அதிபர் தேர்தலில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதிபர்கள் நான்கு அல்லது எட்டு ஆண்டுகளில் விடைபெற்றுப் போய்விடுகிறார்கள்; செனட்டர்களில் பலரோ இருபது, முப்பது ஆண்டுகள் அவையில் இருந்து, சட்டங்களின் வாசகங்களிலும் நீதிபதிகளின் நியமனங்களிலும் போர், சமாதானம் குறித்த முடிவுகளிலும் தங்கள் தடத்தைப் பதித்த பிறகே விலகுகிறார்கள். ஒரே ஒரு செனட்டரின் அரசியல் வாழ்க்கையை முறையாகப் படித்து முடித்தவருக்கு, அந்த நாட்டின் கட்சிகளும் மாநிலங்களும் வாக்காளர் கூட்டங்களும் எப்படி இயங்குகின்றன என்பது பத்துத் தேர்தல் செய்திகளைப் படித்தவரைக் காட்டிலும் தெளிவாகப் புரியும்.

இந்த வழிகாட்டி அரிசோனா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் பேரி கோல்ட்வாட்டரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அவர் ஐந்து முறை செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1953 முதல் 1965 வரையிலும் 1969 முதல் 1987 வரையிலும் மொத்தம் முப்பது ஆண்டுகள் பணியாற்றினார், 1964இல் அதிபர் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தார், 1998இல் மறைந்தார். பதிவுகள் முழுமை பெற்றுவிட்ட ஒரு வாழ்க்கை என்பதால் தொடக்க வாசகருக்கு அவர் ஏற்றவர். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு செனட்டர் எடுத்த நிலைப்பாடு, அதற்கு அவர் சொன்ன காரணம், அவரை ஆதரித்தவர்கள் ஆதரித்ததற்கான காரணம் ஆகிய மூன்றும் ஒன்றாகவே இருக்கும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். கோல்ட்வாட்டரின் வாழ்க்கையில் இந்த மூன்றும் வெவ்வேறு திசைகளில் பிரிந்து நிற்பதை வெறுங்கண்ணால் பார்க்க முடியும். ஆகவே படிக்கத் தொடங்கும்போதே ஒரு தாளில் மூன்று பத்திகள் (நெடுவரிசைக் கட்டங்கள்) வரைந்து, ஒவ்வொரு நிகழ்வையும் அந்த மூன்றிலும் தனித்தனியே குறித்துக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: பதவியைப் புரிந்துகொள்ளுங்கள்

செனட்டில் 100 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் மாநிலத்துக்கு இருவர், ஆறாண்டுப் பதவிக்காலம். 1913இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் வந்த பிறகு மக்களே அவர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகும் என்ற ஏற்பாடு அங்கே கிடையாது என்பதை நம் வாசகர்கள் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒரு செனட்டரின் வாக்கு அவருடைய சொந்த வாக்காகவே கணக்கில் வைக்கப்படுகிறது. கட்சியின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நீண்ட நேரம் பேசிக்கொண்டேயிருந்து வாக்கெடுப்பைத் தடுக்கும் ஃபிலிபஸ்டர் என்ற வழக்கமும் அங்கே உண்டு. அந்தப் பேச்சை முடிவுக்குக் கொண்டுவர 1964இல் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டியிருந்தது. 1975க்குப் பிறகு பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 வாக்குகள் போதும் என்றாயிற்று.

இதற்கு மேல் விதிமுறைகளில் மூழ்க வேண்டியதில்லை. மற்றவை படிக்கப் படிக்கத் தாமாகவே விளங்கும்.

இரண்டாம் படி: அவர் வந்த மண்ணைப் பாருங்கள்

கோல்ட்வாட்டர் 1909இல் பீனிக்ஸ் நகரில் பிறந்தபோது அரிசோனா ஒரு மாநிலமாகவே இல்லை. 1912இல்தான் அது மாநிலத் தகுதியைப் பெற்றது. அவருடைய தாத்தா போலந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த யூத வணிகர். தாயார் எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதால் மகனும் அந்தச் சபையிலேயே வளர்ந்தார். குடும்பத்துக்குப் பீனிக்ஸில் பெயர்பெற்ற பல்பொருள் அங்காடி ஒன்று இருந்தது. தந்தை 1929இல் இறந்ததும் அரிசோனா பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் அந்தக் கடைக்கு வந்தார். கணக்குப் புத்தகத்தையும் ஊழியர் சம்பளத்தையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வணிகர், 1930களில் வாஷிங்டனிலிருந்து வந்த புதிய விதிகளையும் வரிகளையும் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார் என்பதை இங்கிருந்தே ஊகிக்கலாம். அதிபர் ரூஸ்வெல்டின் ‘நியூ டீல்’ என்ற அரசு நலத் திட்டங்கள் மீது அவர் கொண்டிருந்த வெறுப்பு கடையின் கல்லாவுக்குப் பின்னால் உருவானது. அதற்கான தத்துவம் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் அவர் ராணுவ விமானியாகச் சரக்கு விமானங்களை ஓட்டினார். இந்தியாவிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் பொருள்களைக் கொண்டுசென்ற பணியிலும் அவருக்குப் பங்கிருந்தது. போர் முடிந்ததும் அரிசோனாவின் விமானப்படைத் தேசியக் காவல் பிரிவை அமைத்தபோது, கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்துவைக்காமல் ஒரே பிரிவாகச் சேர்த்தார். நாட்டின் ராணுவம் முழுவதற்கும் அந்த ஆணை 1948இல்தான் பிறந்தது. இந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் இது தேவைப்படும்.

மண்ணைப் பார்ப்பது என்பது புகழ்ந்து எழுதுவதற்கான பின்னணியைத் தேடுவது அன்று. அந்த மாநிலம் எதை நம்பிப் பிழைக்கிறது என்று கேட்பது. அரிசோனா பாலைநிலம், அது கூட்டாட்சி அரசின் பணத்தால் தண்ணீர் பெற்ற நாடு. 1911இல் கட்டி முடிக்கப்பட்ட ரூஸ்வெல்ட் அணை இல்லாமல் இன்றைய பீனிக்ஸ் இல்லை. கொலராடோ ஆற்று நீரை ஏறத்தாழ 540 கிலோமீட்டர் தூரம் பாலைவனத்தின் ஊடே கொண்டுவரும் மத்திய அரிசோனா நீர்த் திட்டத்துக்கு 1968இல் வாஷிங்டன் ஒப்புதல் அளித்தது. அரசின் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் முழங்கிய கோல்ட்வாட்டர் இந்தத் திட்டத்தை உறுதியாக ஆதரித்தார். போர்க்காலத்தில் வந்த விமானப்படைத் தளங்களும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளுமே அந்த மாநிலத்தின் மக்கள்தொகையைப் பெருக்கின. எந்தப் பழமைவாத செனட்டரைப் படித்தாலும் அவருடைய கொள்கை எந்த இடத்தில் சொந்த மாநிலத்தின் தேவைக்கு வழிவிட்டது என்று தேடிப்பாருங்கள். அதை வைத்து அவரைப் போலி என்று தீர்ப்பெழுத அவசரப்பட வேண்டாம்; கொள்கையின் எல்லை எது என்பதை அது காட்டுகிறது, அவ்வளவே.

மூன்றாம் படி: பதவிக் காலவரிசையை எழுதுங்கள்

கோல்ட்வாட்டர் 1949இல் பீனிக்ஸ் நகர்மன்ற உறுப்பினரானார். 1952இல் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராகவே இருந்த ஜனநாயகக் கட்சியின் எர்னஸ்ட் மெக்ஃபார்லண்டைச் சுமார் 7,000 வாக்குகளில் தோற்கடித்தார். குடியரசுக் கட்சியின் ஐசனோவர் அதிபர் பதவிக்கு நின்று பெருவெற்றி கண்ட ஆண்டு அது. அந்த அலையும் அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் 1958இல் குடியரசுக் கட்சி நாடெங்கும் அடிவாங்கியபோதும் அதே மெக்ஃபார்லண்டை அவர் முன்பைவிட வசதியான வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். முதல் வெற்றி யாருடைய அலையில் வந்தது, இரண்டாம் வெற்றி எதிர்க்காற்றில் கிடைத்ததா என்ற இரண்டு கேள்விகளையும் எந்த அரசியல்வாதியைப் படிக்கும்போதும் கேட்டுப்பாருங்கள். அவருக்குச் சொந்தமாக எவ்வளவு செல்வாக்கு இருந்தது என்பதை அளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

1964இல் அதிபர் வேட்பாளரானதால் அவர் செனட் இடத்துக்குப் போட்டியிடவில்லை. தோற்றதும் பதவியின்றி நின்றார். 1968இல் அரிசோனாவின் மூத்த செனட்டர் கார்ல் ஹெய்டன் ஓய்வுபெற்றபோது காலியான இடத்தை வென்று திரும்பினார், 1974இலும் வென்றார். 1980 அதிபர் தேர்தலில் அவர் கட்சியின் ரேகன் அரிசோனாவை அள்ளிக்கொண்டு போன அதே நாளில் கோல்ட்வாட்டர் ஏறத்தாழ ஒரு சதவீத வித்தியாசத்தில்தான் தப்பிப் பிழைத்தார். 1987இல் அவர் விலகியதும் அந்த இடத்துக்கு வந்தவர் ஜான் மெக்கெய்ன்.

நான்காம் படி: கொள்கையை அவருடைய சொற்களில் எழுதி, வாக்குகளோடு ஒப்பிடுங்கள்

1960இல் அவர் பெயரில் ‘ஒரு பழமைவாதியின் மனசாட்சி’ என்று பொருள்படும் சிறு நூல் வெளிவந்தது. அதை உண்மையில் எழுதிக்கொடுத்தவர் எல். பிரென்ட் போசெல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அரசியல்வாதிகளின் நூல்கள் பல அப்படித்தான் எழுதப்படுகின்றன. தன் பெயரில் வெளிவந்த கருத்துகளைப் பிற்பாடு அவர் மறுத்தாரா, அவற்றின்படி வாக்களித்தாரா என்பதே நமக்கு முக்கியம். அந்த நூல் முன்வைத்த வாதத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: அரசியலமைப்பு கூட்டாட்சி அரசுக்கு வெளிப்படையாகத் தந்த அதிகாரங்களைத் தவிர மற்றவை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை, வேளாண் மானியங்கள் நிறுத்தப்பட வேண்டும், வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும், தொழிற்சங்கங்களின் அரசியல் பலம் கட்டுப்படுத்தப்பட வேண்டும், சோவியத் ஒன்றியத்தோடு சேர்ந்து வாழ்வதை விடுத்து அதை வெல்வதே குறிக்கோளாக வேண்டும்.

இப்போது வாக்குகளுக்கு வாருங்கள். 1954இல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியைக் கண்டிக்கும் தீர்மானம் 67க்கு 22 என்று நிறைவேறியபோது எதிர்த்த 22 பேரில் கோல்ட்வாட்டரும் ஒருவர். கம்யூனிச எதிர்ப்பு என்ற பெயரில் அப்பாவிகள் பலரின் வாழ்வைச் சிதைத்த ஒருவரைக் காப்பாற்ற அவர் அளித்த அந்த வாக்கைத் தனிமனித உரிமை பற்றிய அவருடைய பேச்சுகளோடு என்னால் பொருத்திப்பார்க்க முடியவில்லை. 1957இல் தன் சொந்தக் கட்சியின் அதிபரான ஐசனோவரின் 7,180 கோடி டாலர் வரவுசெலவுத் திட்டத்தை அவையிலேயே எழுந்து தாக்கினார். 1959இல் தொழிற்சங்கங்கள் குறித்த கென்னடி-எர்வின் மசோதா செனட்டில் 90க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒற்றை எதிர்ப்பு வாக்கு அவருடையது. 1963இல் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தம் 80க்கு 19 என்று ஏற்கப்பட்டபோதும் அவர் எதிர்த்தே வாக்களித்தார்.

இந்த வாக்குகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரியவரும். அவர் எதிர்ப்பு வாக்குகளின் மனிதராக இருந்தார். முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் பெயர் சொல்லும் பெரிய சட்டம் எதுவும் இல்லை. சட்டங்களை இயற்றுவது என் நோக்கமன்று, நீக்குவதே நோக்கம் என்ற பொருளில் அவர் பெயரிலான அந்த நூலே அறிவித்திருந்தது. ஒரு பழமைவாத செனட்டரை “என்ன கொண்டுவந்தார்?” என்ற அளவுகோலால் மட்டும் அளந்தால் பாதி மனிதர் விடுபட்டுப்போவார். எதைத் தடுத்தார், எதைத் தடுக்க முயன்று தோற்றார் என்ற பட்டியலும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மிகக் கடினமான ஒரு வாக்கைத் தேர்ந்து, ஆழமாகப் படியுங்கள்

ஒவ்வொரு செனட்டருக்கும் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு வாக்கு இருக்கும். கோல்ட்வாட்டருக்கு அது 1964 ஜூன் 19 அன்று குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து அவர் அளித்த வாக்கு. தொடக்க வாசகர்கள் இந்த ஒரு வாக்குக்கு மட்டும் பல நாள்களை ஒதுக்கினாலும் தகும்.

முதலில் எண்களைப் பாருங்கள். சட்டம் 73க்கு 27 என்று நிறைவேறியது. எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர், பெரும்பாலும் தெற்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். 6 பேர் மட்டுமே குடியரசுக் கட்சியினர். அதாவது கோல்ட்வாட்டர் தன் கட்சியின் பெரும்பான்மைக்கு எதிராக நின்றார். அவையில் இருந்த குடியரசுக் கட்சியினர் 33 பேரில் 27 பேர் சட்டத்தை ஆதரித்தார்கள். “குடியரசுக் கட்சி எதிர்த்தது” என்றோ “ஜனநாயகக் கட்சி கொண்டுவந்தது” என்றோ ஒற்றை வரியில் சொல்லப்படும் எதையும் இந்த எண்களே கலைத்துவிடும்.

அடுத்து, அவர் சொன்ன காரணம். 1957, 1960 ஆண்டுகளின் குடிமை உரிமைச் சட்டங்களை அவர் ஆதரித்திருந்தார். 1964 சட்டத்திலும் பெரும்பகுதியோடு தனக்கு மாறுபாடில்லை என்றார். உணவகம், விடுதி போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்த இரண்டாம் பகுதியும், வேலை நியமனத்தில் பாகுபாட்டைத் தடைசெய்த ஏழாம் பகுதியும் தனியாரின் சொத்து, வணிக முடிவுகளில் கூட்டாட்சி அரசு தலையிட வழிசெய்கின்றன, அதற்கு அரசியலமைப்பில் இடமில்லை என்பதே அவர் வாதம். பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான வில்லியம் ரென்க்விஸ்ட், சட்டப் பேராசிரியர் ராபர்ட் போர்க் ஆகியோரின் ஆலோசனை இதற்குப் பின்னால் இருந்தது. விமானப்படைப் பிரிவில் இனப்பிரிவினையை நீக்கியவர் என்பதையும், பீனிக்ஸில் கறுப்பின மக்களின் உரிமை அமைப்புகளுக்கு நன்கொடை கொடுத்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவருக்குத் தனிப்பட்ட இனவெறுப்பு இருந்ததாகச் சொல்ல ஆதாரம் தேடுவது கடினம்.

மூன்றாவது பத்தி, ஆதரித்தவர்களின் காரணம். அந்த நவம்பரில் அவர் வென்ற ஆறு மாநிலங்களில் சொந்த அரிசோனாவைத் தவிர மற்ற ஐந்தும் ஆழ்தெற்கைச் சேர்ந்தவை: மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா. மிசிசிப்பியில் அவருக்கு 87 சதவீத வாக்குகள் விழுந்தன. வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பின மக்களில் ஏழு சதவீதத்துக்கும் குறைவானவர்களே வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடிந்த மாநிலம் அது. மாநில உரிமைகளைச் சொல்லும் அரசியலமைப்பின் பத்தாம் திருத்தத்தைப் படித்து நெகிழ்ந்துபோய் அந்த 87 சதவீதத்தினர் வாக்களித்தார்கள் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. இனப்பிரிவினையைக் காப்பாற்றத் துணிந்த தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், கோல்ட்வாட்டரை ஆதரிப்பதற்காகவே 1964 செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறினார். மறுபுறம், 1960இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் நிக்ஸனுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்களித்திருந்த கறுப்பின வாக்காளர்களில் சுமார் ஆறு சதவீதத்தினரே 1964இல் கோல்ட்வாட்டர் பக்கம் இருந்தார்கள்.

என் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மக்கள் பிரதிநிதியின் மனத்தில் வெறுப்பு இல்லை என்பது அவருடைய வாக்கின் விளைவுக்கு விடையாகாது. ஊர் ஊராகப் பயணம் செய்யும் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு வழியில் சாப்பிடவும் தங்கவும் இடம் மறுக்கப்பட்ட காலத்தில், “அது மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்” என்பது அந்த மாநிலங்கள் நடந்துகொண்டிருந்த முறைக்குக் கிடைத்த பாதுகாப்பாகவே முடிந்தது. தன் வாக்கை யார் கொண்டாடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. இதோடு உடன்படாத வாசகரும் இருக்கலாம். ஆனால் நிலைப்பாடு, காரணம், ஆதரவு ஆகிய மூன்று பத்திகளையும் நிரப்பிய பிறகு அவரவர் முடிவுக்கு வரட்டும்.

ஆறாம் படி: ஆதரவாளர்களை ஒரே கூட்டமாகப் பார்க்காதீர்கள்

கோல்ட்வாட்டரின் ஆதரவாளர்களைக் குறைந்தது நான்கு அடுக்குகளாகப் பிரித்தால்தான் படம் தெளிவாகும். முதலாவது, மேற்கு, தென்மேற்கு மாநிலங்களின் வணிகர்களும் புதிய புறநகர்வாசிகளும். நியூயார்க்கின் வங்கிகளும் பெருநிறுவனங்களும் தங்கள் கட்சியைத் தொலைவிலிருந்து ஆட்டிவைக்கின்றன என்ற கசப்பு அவர்களுக்கு நெடுநாளாக இருந்தது. கிழக்குக் கடற்கரையை அறுத்துக் கடலில் மிதக்கவிட்டால் நாடு நன்றாக இருக்கும் என்று கோல்ட்வாட்டர் ஒருமுறை சொன்னது அந்தக் கசப்பின் குரல்தான். 1964 விளம்பரங்களில் எதிர்த்தரப்பு அந்தச் சொல்லையே எடுத்து அவருக்கு எதிராகப் பயன்படுத்தியது.

இரண்டாவது அடுக்கு இளைஞர்கள். 1960 செப்டம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் ஷாரன் என்ற ஊரில், பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லியின் குடும்ப இல்லத்தில் கூடிய மாணவர்கள் ‘சுதந்திரத்துக்கான இளம் அமெரிக்கர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அறுபதுகள் என்றாலே இடதுசாரி மாணவர் போராட்டங்களை மட்டும் நினைவுகூரும் நமக்கு, அதே ஆண்டுகளில் வலதுசாரி மாணவர்களும் 1962இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனை நிரப்பினார்கள் என்பது வியப்பாக இருக்கும். பின்னாளில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ஹிலரி கிளின்டன்கூட 1964இல் கோல்ட்வாட்டருக்காக உழைத்த பள்ளி மாணவிதான்.

மூன்றாவது, கட்சியின் கீழ்மட்ட அமைப்பாளர்கள். கோல்ட்வாட்டர் தயங்கிக்கொண்டிருந்தபோதே கிளிஃப்டன் வைட் என்பவர் 1961 முதல் மாநிலம் மாநிலமாகச் சென்று, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப்போகும் மாநாட்டுப் பிரதிநிதிகளை ஒவ்வொருவராகத் திரட்டினார். 1960 சிகாகோ மாநாட்டில், “பழமைவாதிகளே, நாம் வளர்ந்தாக வேண்டும், இந்தக் கட்சியை மீட்க விரும்பினால் வேலையில் இறங்குவோம்” என்ற பொருளில் கோல்ட்வாட்டர் பேசியதை அவரைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் இவர்களே. வார்டு கூட்டத்துக்கும் மாவட்டக் கூட்டத்துக்கும் தவறாமல் போய் உட்கார்ந்தவர்களின் கைக்குக் கட்சி வந்து சேர்ந்தது. இந்த அடுக்கில் பெண்களின் உழைப்பு மிகப் பெரியது. இல்லினாய் மாநிலத்தின் ஃபில்லிஸ் ஷ்லாஃப்லி 1964இல் தானே பதிப்பித்த சிறு நூல் லட்சக்கணக்கில் பரவியது. கலிஃபோர்னியாவின் புறநகர்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டியவர்களில் ஏராளமானோர் இல்லத்தரசிகள்.

நான்காவது அடுக்கு அவருக்குத் தலைவலியாகவே இருந்தது. ஜான் பெர்ச் சங்கத்தை 1958இல் நிறுவிய ராபர்ட் வெல்ச், ஐசனோவரையே கம்யூனிசச் சதியின் கையாள் என்று எழுதியவர். கோல்ட்வாட்டர் வெல்ச்சைக் கண்டித்தார். ஆனால் சங்கத்தின் உறுப்பினர்களை ஒதுக்கவில்லை. தொண்டர்களை இழக்க மனமில்லாத தலைவர்கள் எங்கும் செய்யும் சமரசம் இது. அதற்கான விலையை அவர் சான்ஃபிரான்சிஸ்கோவில் கொடுத்தார். 1964 ஜூலையில் அங்கு நடந்த கட்சி மாநாட்டில் மிதவாதிகளின் தலைவரான நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் தீவிரவாதக் குழுக்களைக் கண்டித்துப் பேசியபோது அவையினர் கூச்சலிட்டு அவரைத் தடுத்தார்கள். அதன் பிறகு வேட்பாளர் ஏற்புரையில் கோல்ட்வாட்டர், “சுதந்திரத்தைக் காப்பதில் தீவிரம் குற்றமாகாது, நீதியைத் தேடுவதில் மிதம் நற்பண்பாகாது” என்றார். மிதவாதிகளைச் சமாதானப்படுத்த வேண்டிய மேடையில் அவர்களுக்குக் கதவைச் சாத்திய பேச்சு அது.

ஏழாம் படி: எதிரிகள் வரைந்த படத்தையும் தனியே வைத்துப் பாருங்கள்

1964 செப்டம்பர் 7 அன்று, அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன் தரப்பின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று ஒரே ஒருமுறை கட்டணம் செலுத்தி ஒளிபரப்பப்பட்டது. பூவிதழ்களை எண்ணும் சிறுமி, பிறகு அணுகுண்டு வெடிப்பு. அதில் கோல்ட்வாட்டரின் பெயர்கூட இல்லை. ஆனால் நேட்டோ தளபதிக்குச் சிறிய அணு ஆயுதங்கள் மீது அதிகாரம் தரலாம் என்று அவர் முன்பே பேசியிருந்ததால், பெயர் சொல்லாமலேயே எல்லோருக்கும் புரிந்தது. அதே ஆண்டில் ஓர் இதழ், அவரை ஒருமுறைகூடச் சந்தித்திராத மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டு, அவர் மனநலம் குன்றியவர் என்று எழுதியது. அவர் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல், நேரில் பரிசோதிக்காத பொதுவாழ்க்கை மனிதரைப் பற்றி மருத்துவர்கள் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது என்று வகுத்த நெறி இன்றும் ‘கோல்ட்வாட்டர் விதி’ என்றே வழங்குகிறது.

தேர்தலில் ஜான்சனுக்கு 61 சதவீதமும் அவருக்கு 38.5 சதவீதமும் கிடைத்தன. மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் தேர்வாளர் குழு வாக்குகள் 486க்கு 52. இதோடு பழமைவாதம் முடிந்தது என்று அன்றைய விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். அக்டோபர் 27 அன்று அவருக்காகத் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் பேசிய நடிகர் ரொனால்ட் ரேகன் இரண்டே ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் ஆளுநரானார். பதினாறு ஆண்டுகளில் அதிபரானார். சிறுதொகை அனுப்பிய கோல்ட்வாட்டர் நன்கொடையாளர்களின் பெயர்களைப் பார்த்து எழுதியெடுத்த ரிச்சர்ட் விகரி என்ற இளைஞர், அந்தப் பட்டியலைக் கொண்டே அஞ்சல்வழி நிதி திரட்டலை வலதுசாரி இயக்கத்தின் பெருந்தொழிலாக்கினார். தோற்ற வேட்பாளரின் ஆதரவாளர்கள் தேர்தலுக்குப் பிறகு எங்கே போனார்கள் என்று பின்தொடராமல் எந்த அரசியல் வாழ்க்கையும் புரியாது.

எட்டாம் படி: பிற்காலத்தைத் தவிர்க்காதீர்கள்

பலர் 1964 உடன் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சட்டம் இயற்றியவராக அவரைக் காண வேண்டுமானால் அதற்குப் பிந்திய ஆண்டுகளுக்குப் போக வேண்டும். 1974 ஆகஸ்ட் 7 அன்று காங்கிரஸின் இரு அவைகளிலும் தன் கட்சியின் தலைவர்களான ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் ஆகியோருடன் வெள்ளை மாளிகைக்குச் சென்ற கோல்ட்வாட்டர், வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய அதிபருக்கு எதிராகப் பதவி நீக்க விசாரணை வந்தால் தப்பிக்கத் தேவையான 34 செனட் வாக்குகள் கிடைக்க வழியில்லை என்பதை நிக்ஸனுக்கு உணர்த்தினார். மறுநாள் நிக்ஸன் பதவி விலகலை அறிவித்தார். தன் கட்சியின் அதிபரிடம் கெட்ட செய்தியைச் சொல்லக் கட்சியிலேயே மிக உறுதியான பழமைவாதியின் சொல் தேவைப்பட்டது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

1981 முதல் செனட்டின் உளவுத்துறைக் குழுவுக்கும், 1985 முதல் ஆயுதப்படைக் குழுவுக்கும் அவர் தலைவராக இருந்தார். நிகரகுவாவின் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததைச் சிஐஏ முறையாகத் தன் குழுவிடம் சொல்லவில்லை என்று 1984இல் அதன் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் தன் கோபத்தைக் கொச்சையான சொற்களிலேயே கொட்டினார். 1986இன் கோல்ட்வாட்டர்-நிக்கோல்ஸ் சட்டமே அவருடைய நிலையான சாதனை. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவை தனித்தனி அரசுகளைப் போல இயங்கியதைக் குறைத்து, கூட்டுப்படைத் தலைவரை அதிபரின் முதன்மை ராணுவ ஆலோசகராக்கிய அந்தச் சட்டம் செனட்டில் 95க்கு 0 என்று நிறைவேறியது. ஒற்றை எதிர்ப்பு வாக்காக நின்ற அதே மனிதர், செனட்டில் ஒரு வாக்குகூட எதிராக விழாத சட்டத்தோடு விடைபெற்றார்.

மதவாத வலதுசாரிகளோடு அவருக்கிருந்த பிணக்கையும் படிக்க வேண்டும். 1981இல் சாண்ட்ரா டே ஓகானரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிப்பதை மதபோதகர் ஜெர்ரி ஃபால்வெல் ஐயுற்றபோது, நல்ல கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் ஃபால்வெல்லை உதைக்க வேண்டும் என்று பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில், மதக் குழுக்கள் தங்கள் ஒழுக்க விதிகளைச் சட்டமியற்றுவோர் மேல் திணிப்பதை எதிர்த்து அவையில் உரையாற்றினார். ஓய்வுக்குப் பின் 1993இல், ஓரினச்சேர்க்கையாளர்கள் ராணுவத்தில் பணியாற்றத் தடை இருக்கக் கூடாது என்று எழுதினார். இவற்றைக் கொண்டு அவர் முதுமையில் மாறிவிட்டார் என்பவர்களும் உண்டு, அவர் மாறவில்லை, இயக்கமே மாறியது என்பவர்களும் உண்டு. கருக்கலைப்பைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது விளக்கம் முழுதாக ஒத்துவரவில்லை. 1980இன் கடும் போட்டியில் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களின் ஆதரவை நாடியவர், தேர்தல் கவலை தீர்ந்த பிறகுதான் அது பெண்ணின் சொந்த முடிவு என்று உறுதியாகப் பேசினார். செனட்டர் பதவியில் இருக்கும்போது சொன்னதையும் ஓய்வில் சொன்னதையும் எப்போதும் வெவ்வேறு மையில் குறித்துவையுங்கள்.

ஒன்பதாம் படி: எதை, எந்த வரிசையில் படிப்பது

செனட்டில் பேசப்படும் உரைகள் ‘காங்கிரஷனல் ரெக்கார்ட்’ என்ற அதிகாரபூர்வ ஏட்டில் பதிவாகின்றன. அதை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். வாக்கெடுப்புகளுக்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம் பராமரிக்கும் ‘வோட்வியூ’ தளம் உதவும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முதல் அவை தொடங்கி இன்றுவரையிலான வாக்குகள் அதில் பெயர் வாரியாக உள்ளன. இன்றைய செனட்டரைப் படிப்பவர்கள், இடதுபுறத்தில் 1947இலும் வலதுபுறத்தில் 1964 டிசம்பரிலும் தொடங்கப்பட்ட இரு அமைப்புகள், ஏ.டி.ஏ.வும் (அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன்) ஏ.சி.யு.வும் (அமெரிக்கன் கன்சர்வேட்டிவ் யூனியன்), ஆண்டுதோறும் வழங்கிவந்த மதிப்பெண்களையும் பார்க்கலாம். எந்தெந்த வாக்குகளை எண்ணுவது என்பதை அந்த அமைப்புகளே தேர்ந்தெடுக்கின்றன என்பதால், மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் வாக்குப் பட்டியலையும் திறந்து பார்க்க வேண்டும்.

வாழ்க்கை வரலாற்று நூல்களைக் கடைசிக்கு ஒத்திவைப்பது நல்லது. முதலில் வாக்குகள், பிறகு அவற்றை விளக்கி அவரே பேசிய உரைகள், பிறகு அன்றைய செய்தித்தாள்கள், அதன் பிறகே மற்றவர்களின் தீர்ப்புகள் என்ற வரிசையில் போனால் உங்கள் மூன்று பத்திகளும் கடன் வாங்கிய கருத்துகளால் நிரம்பாமல் இருக்கும். கோல்ட்வாட்டரில் தொடங்குபவர்கள், வாக்கெடுப்புக்கு முந்தைய நாளான 1964 ஜூன் 18 அன்று அவர் அவையில் ஆற்றிய உரையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நீளமான உரை அன்று; ஒரே அமர்வில் படித்துவிடலாம். படித்தவுடன் மிசிசிப்பியின் வாக்கு விவரத்தை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவது பத்தியையும் மூன்றாவது பத்தியையும் எழுதத் தொடங்குங்கள்.